ஒரு நாளைக்கு இரண்டு குமுளி

உத்தமபாளையம் பேருந்து நிலையத்தில் இப்போது பதிவு செய்த குரல் ஒன்றுதான் பேசுகிறது. வாக்கியத்துக்கு வாக்கியம் ‘தயவுசெய்து’ போடுகிறது. அந்த அம்மா இங்கே நேரக் காப்பாளராக இருந்த காலத்தில் அந்த மைக்கில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. “கம்பம், கூடலூர் வழியா குமுளி போற வண்டி வடக்கோரமா நிக்குது. ஏறுறவுக ஏறிக்கிடலாம்.” அவ்வளவுதான். ஏறாதவர்களைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. ஓட்டுநர் யாராவது டீக்கடையில் கூடுதலாக இரண்டு நிமிடம் நின்றால் அதுவும் மைக்கில் வந்துவிடும். “போடி வண்டி டிரைவர், குடிச்ச டீ போதும். மணி ஒம்போது பன்னெண்டு.” நிலையமே சிரிக்கும். அந்த ஓட்டுநர் மறுநாள் ஒன்பது பத்துக்கே இருக்கையில் ஏறி உட்கார்ந்திருப்பார்.

என் செராக்ஸ் கடை அவருடைய அறைக்கு நேர் எதிரே. நடுவில் பேருந்துகள் வளையும் இடம் மட்டும்தான். குள்ளமான உருவம். கைக்கடிகாரத்தை வலது மணிக்கட்டின் உட்பக்கமாகக் கட்டியிருப்பார். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்து, வாரிசு வேலையாக வந்தவர் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எதைக் கேட்டாலும் நேராகச் சொல்லிவிடுவார், அதுதான் சிக்கல்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து, போனிலிருந்து சில படங்களை அனுப்பி, கலரில் எடுக்கச் சொன்னார். எல்லாம் வரைபடம். ஒரு கடற்கரை, துண்டு துண்டாகப் பதினான்கு தாள்.

“பிள்ளைகளுக்குப் பிராஜெக்டாங்க?” என்றேன்.

“எனக்குப் பிள்ளைக இல்ல. மகாராஷ்டிராவுல ரத்னகிரியில இருந்து கர்நாடகாவுல கோகர்ணம் வரைக்கும் கடல் ஓரமாவே சைக்கிள்ல போகப்போறேன். யாரும் கேட்டா நீயே சொல்லிரு, எனக்கு வேல மிச்சம்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டு, ஓரங்களை வெட்டிச் சேர்த்து ஒட்ட இடம் கிடைக்குமா என்று என் மேசையைப் பார்த்தார். கூட்டம் இல்லாத நேரம். இருவரும் தரையில் உட்கார்ந்து ஒட்டினோம். ஒட்டி முடித்தபோது கடையின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை நீண்டது அந்தக் கடல்.

அவர் கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். கல்யாணம் ஆன புதிதில், கணவர் வீட்டாருடன் வேனில் திருச்செந்தூர் போனபோது. “நாப்பது நிமிசம். கால நனைக்கிறதுக்குள்ள வேன்காரரு ஹாரன் அடிச்சுட்டாரு” என்றார். அந்த நாற்பது நிமிடத்தை இருபத்தைந்து வருடம் கழித்தும் கணக்கு மாறாமல் வைத்திருந்தார். பிறகொரு நாள், மங்களூர் வழியாகப் பம்பாய்க்குத் தேங்காய் லோடு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர் ஒருவர் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தில் மலை ஏறி இறங்கினால் கீழே வயல் இல்லை, கடல். திரும்ப ஏறினால் மலை, இறங்கினால் மறுபடி கடல்.

“நமக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் மலை. மலை முடிஞ்சா இன்னொரு மலை. மலை முடியிற எடத்துல கடல் இருந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும் புள்ள.”

“தனியாவாக்கா?” முதல் தடவையாக அப்போதுதான் அக்கா என்று கூப்பிட்டேன்.

“ஒனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“பத்தாவது படிக்கிற வரைக்கும் ஓட்டியிருக்கேன்.”

“அப்பத் தனியா இல்ல.”

இப்படித்தான் நான் அதில் சேர்ந்தேன். எனக்கு முப்பத்தாறு வயது. வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆறாம் வகுப்பில் ஒரு மகள், வீட்டில் மாமியார். கம்பத்துக்கு மேற்கே குமுளியையும் கிழக்கே மதுரையையும் தாண்டி நான் போனதில்லை.

அக்கா பயணத்தைத் திட்டமிட்டது பேருந்துக்கு நேரம் போடுவதைப் போலத்தான். பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் கட்டம் போட்டு, புறப்பாடு, ஏற்றம், தண்ணீர், சாப்பாடு, தங்கல் என்று எழுதினார். ஏற்றத்துக்கு மீட்டர் கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. “நூத்தம்பது மீட்டர்னா ஒந் தொடைக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டு ஒரு புது அளவை உண்டாக்கினார். மலை அடிவாரத்து லோயர் கேம்பிலிருந்து மேலே குமுளி வரை ஏறுவது ஒரு குமுளி. அந்தக் கடற்கரையில் ஓர் ஏற்றம் கால் குமுளிதான், ஆனால் ஒரு நாளைக்கு எட்டு ஏற்றம் வரும். ஆக, ஒரு நாளைக்கு இரண்டு குமுளி. அதை எட்டு நாள் செய்ய வேண்டும். மதுரையில் பழைய கியர் சைக்கிள்கள் இரண்டு வாங்கினார். பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவரிடம் சொல்லி, பின்சக்கரத்தின் இருபுறமும் தொங்கும் பைகளைப் பச்சை ரெக்சினில் தைக்க வைத்தார். அந்தப் பைகளோடு அவர் போவதைப் பார்த்தால் ஒரு பேருந்தே சின்னதாகி நகர்வது போலிருக்கும்.

அவருக்கு விடுமுறை கிடைக்கும் நாட்களில் விடிந்ததும் லோயர் கேம்ப் போவோம். மலைச் சரிவில் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக்கொண்டே ஏறத் தொடங்குவோம். முதல் நாள் இரண்டாவது வளைவிலேயே நான் இறங்கித் தள்ளினேன். அக்கா மேலே நின்று பார்த்தார். வந்து உதவவும் இல்லை, சீக்கிரம் வா என்று சொல்லவும் இல்லை. நான் போய்ச் சேர்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, “எனக்கு அப்பறம் பதினொரு நிமிசம்” என்றார். அடுத்த வாரம் ஒன்பது. நான்காம் மாதம் தள்ளாமல் ஏறினேன். அன்றைக்கு உச்சியில் சாவடிக்குப் பக்கத்தில் ஜீப்புக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்து, “ரெண்டு பொம்பளைக இப்படி வந்திருக்கீகளே, யாரக் கேட்டு வந்தீக?” என்றார்.

“யாரையும் கேக்கல. வந்துட்டோம்” என்றார் அக்கா. பிறகு, பெரியவர் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, பையிலிருந்து ஒரு கை வறுத்த கடலை எடுத்துக் கொடுத்தார்.

அந்தக் கேள்வியை அக்காவிடம் எல்லோரும் ஏதாவது ஒரு விதத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் ஜெயமங்கலத்திலிருந்து அவருடைய கணவரின் அண்ணன் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை. நேராக நேரக் காப்பாளர் அறை வாசலில் நின்று, நிலையம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“தாலி அறுத்தவ, பேண்ட்டப் போட்டுக்கிட்டு மலைக்கும் மடுவுக்கும் சைக்கிள்ல சுத்துறியாம். எங்க ஊருல தல காட்ட முடியல. எந் தம்பி இருந்தா விட்டிருப்பானா?”

நான் கடையிலிருந்து எழுந்து நின்றேன். பழக்கடைக்காரர், பூக்காரம்மா, வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தாளை முடித்தார். பிறகு மைக்கை இழுத்து விசையைத் தட்டினார்.

“தேனி வழியாப் பெரியகுளம் போற வண்டி தெக்கோரமா நிக்குது. மூணு நிமிசத்துல கெளம்பும். ஜெயமங்கலம் போற மச்சான் ஏறிக்கிடலாம். ஜன்னலோரம் எடம் இருக்கு.”

முதலில் ஒரு ஓட்டுநர் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மச்சான் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார், பிறகு போய் ஏறினார். ஜன்னலோரம்தான். வண்டி கிளம்பும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் கை மட்டும் மேசைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோதுதான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், “நடுங்கட்டும். வாய் நடுங்கலையில்ல?” என்றார்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தபோதும் இதே கதைதான். பதினைந்து நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில், ‘கடலோரமாகச் சைக்கிள் ஓட்டுவதற்கு’ என்று எழுதியிருந்தார். மேலதிகாரி நல்ல மனிதர். கூப்பிட்டு, “அம்மா, சொந்தக்காரங்க கல்யாணம்னு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்” என்றிருக்கிறார். தனக்கு அப்படி ஒரு கல்யாண வீடு இல்லையே என்று சொல்லி அக்கா தாளைத் திரும்ப வாங்கி வந்துவிட்டார். மறுபடி எழுதினார், அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. நான்தான் பதறினேன். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று, ஒரு வரி மாற்றினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

“இருபது வருசமா மத்தவுக கல்யாணத்துக்குத்தான் லீவு போட்டிருக்கேன். ஒருவாட்டி எனக்குப் போடுறேன். அதையும் வேற ஆளு பேருலயா போடணும்?”

கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பு கையெழுத்தாகி வந்தது. அந்த வரி அப்படியே இருந்தது.

நான் அப்படி இல்லை. என் வீட்டில் நான் சொன்னது வேறு. மலை ஏறிப் பழகியது வீட்டுக்காரருக்குத் தெரியும், உடம்பு குறையட்டும் என்று விட்டிருந்தார். இந்தப் பயணத்தைப் பற்றி, “அக்கா சைக்கிள்ல போறாக. நான் பஸ்ல சாமான எடுத்துட்டுப் பின்னாடியே போயி, கோகர்ணத்துல சாமி கும்புட்டுட்டு வந்துர்றேன்” என்றேன். கோயில் என்றதும் மாமியார் தலையசைத்தார். இரண்டு சைக்கிள்களும் அக்காவின் பெயரில் எர்ணாகுளத்தில் பார்சல் ஆயின.

ரயிலில்தான் அக்காவுக்கு இது தெரியவந்தது. நான் வீட்டுக்குப் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்ததும், “பஸ்ஸா?” என்றார். சொன்னேன்.

“இப்பவே கூப்புட்டு நெசத்தச் சொல்லு.”

“திரும்பி வரச் சொல்லிருவாகக்கா.”

“சொல்லட்டும். நீ வர மாட்டேன்னு சொல்லு.”

“என்னால முடியாதுக்கா.”

அக்கா காலண்டர் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு நேரம் சரிபார்க்கத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே சுரங்கங்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கேட்க ஆளில்லாதவருக்கு உண்மை பேசுவது சுலபம் என்று நினைத்தேன். மச்சான் வந்து நின்ற நாளில் மேசைக்குக் கீழே பார்த்த கை அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஆனால் முதல் இரண்டு நாட்கள்! ஏறினால் மேலே பரந்த மேட்டு நிலம். காய்ந்த மஞ்சள் புல், முந்திரிப் புதர்கள், செம்பூரான் கல் வெட்டி எடுத்த சதுரக் குழிகள். இறங்கினால் கழிமுகம், தென்னந்தோப்பு, கருவாட்டு வாடை, ஒரு பாலம். பாலம் முடிந்ததும் மறுபடி கால் குமுளி. அக்கா அந்த ஊர்க்காரர்களிடம் தமிழிலேயே பேசினார், மைக்கில் அறிவிப்பது போல நிறுத்தி, தெளிவாக. “தண்ணி. குடிக்க. ரெண்டு பாட்டில்.” அவர்களும் அவர்கள் மொழியில் பதில் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் எங்களை உட்கார வைத்து அவல் தந்தாள். எங்கள் சைக்கிளின் மணியை அடித்துப் பார்த்துவிட்டு, அக்காவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். “தெரியல. ஆனா திட்டல” என்றார்.

மூன்றாம் நாள் காலை. ஓர் ஏற்றத்தின் உச்சியில் அக்கா என்னை நிறுத்தினார். இறக்கத்துக்கு அவர் வைத்திருந்த விதியைத் திரும்பவும் சொன்னார். “சரளை கெடக்கு. ரெண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடி. முழுசா விட்றாத. கடல அப்பறம் பாக்கலாம், ரோட்டப் பாரு.” சரி என்றேன். அவர் முன்னால் இறங்கினார். நான் பின்னால்.

ஒரு வளைவு திரும்பியதும் கடல் முழுக்க வந்துவிட்டது. இரண்டு நாளாகத் தென்னைகளுக்கு இடையில் துண்டு துண்டாகப் பார்த்த கடல் இல்லை. காலுக்குக் கீழே தொடங்கி வானம் வரைக்கும் ஒரே விரிப்பு. நான் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிட்டேன். கை தவறி இல்லை. தெரிந்துதான் எடுத்தேன். காற்று முகத்தில் அடித்தது. நான் ஏதோ கத்தினேன், என்ன சொல் என்று இன்றுவரை தெரியாது. அக்காவைத் தாண்டிப் போனேன். “ஏ புள்ள!” என்று அவர் கூப்பிட்டது கேட்டது. அடுத்த வளைவில் சரளை.

இடது மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. அக்கா நேரத் திட்டம் ஒட்டியிருந்த அட்டையைக் கிழித்து, என் துப்பட்டாவால் கையோடு சேர்த்துக் கட்டினார். மீனுக்கு ஐஸ் ஏற்றிப் போன வண்டியை நடுரோட்டில் நின்று மறித்தார். ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டிலில் படுத்தபடி வீட்டுக்குப் போன் செய்தேன். வீட்டுக்காரர் பதறிப்போய், “நீ எதுக்கு சைக்கிள்ல ஏறுன?” என்று கேட்டார்.

“அக்கா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருன்னாக. நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றேன்.

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார்.

மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஒன் வீட்டுக்காரர் வந்து ஒன்னயக் கூட்டிட்டுப் போகட்டும். அதுவரைக்கும் நான் இங்கன இருக்கேன். அதுக்கப்பறம் நான் மேல போகட்டுமா?” என்றார். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷி என்னிடம் கேட்டார். எனக்கு வலி. மொழி தெரியாத ஊர். அவர் மேல் பழி போட்டுவிட்ட குற்றம் வேறு. அதையெல்லாம் சேர்த்து, “வேணாம்க்கா. என்னோட வந்துருங்க” என்று அழுதேன். அக்கா சைக்கிள்களைக் கட்டி ரயிலில் போட்டார். பதினான்கு தாளில் ஐந்தாவது தாளோடு திரும்பினோம்.

ஊர் வந்த இரண்டாம் நாள் வீட்டுக்காரர் நேரக் காப்பாளர் அறைக்குப் போனார். நான் கையில் கட்டோடு கடைக்குள் உட்கார்ந்திருந்தேன். அவர் அதிகம் கோபப்படாதவர். அன்றைக்குக் கத்தினார்.

“ஒங்களுக்குப் புருசன் இல்ல, பிள்ள இல்ல, கேக்க நாதியில்ல. குடும்பப் பொம்பளைய எதுக்கு இழுத்துட்டுப் போயிக் கைய ஒடிச்சு விடுறீக?”

மைக் அக்காவுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அக்கா அதைத் தொடவில்லை. எழுந்து நின்றார். “நான்தான் கூட்டிட்டுப் போனேன். கை ஒடிஞ்சதுக்கு எனக்கும் வருத்தந்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதே பழக்கடைக்காரர், அதே பூக்காரம்மா, அதே ஓட்டுநர்கள். “அப்பவே தெரியும்” என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த அறைக்கும் நடுவில் பேருந்து வளையும் இடம் மட்டும்தான். நான் மெஷினுக்குள் தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. “ஏன்க்கா நெசத்தச் சொல்லல?” என்றேன்.

“அது நீ சொன்ன பொய்யி. ஒடைக்கிறதா இருந்தா நீ ஒடை. நான் ஏன் ஒடைக்கணும்?”

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மார்கழிக்கு முன்னால் கடைக்கு வந்தார். “ஆறுல இருந்து பதினாலு வரைக்கும் எடு” என்றார். ஒன்பது தாள். விடுப்புக் கடிதத்தின் நகலும் எடுக்கச் சொன்னார். காரணம் என்ற இடத்தில், ‘போன ஆண்டு விட்ட இடத்திலிருந்து கடலோரமாகச் சைக்கிள் ஓட்டுவதற்கு’ என்று இருந்தது. நிலையத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனார். மச்சானுக்கும் ஜெயமங்கலத்துக்குப் போன் போட்டுச் சொன்னாராம். தனியாகப் போனார். நான் விழுந்த வளைவிலிருந்து தொடங்கி ஆறு நாளில் கோகர்ணம். முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து திரும்பி வந்தார். எப்படி இருந்தது என்று பழக்கடைக்காரர் கேட்டதற்கு, ஒரு மணி நேரம் கடை வாசலில் நின்று சொன்னார். போன வருடம் ‘அப்பவே தெரியும்’ என்றவர்களும் நின்று கேட்டார்கள். நான் கடைக்குள் இருந்தே கேட்டேன்.

அதற்கடுத்த ஆடியில் அவருக்கு ஆண்டிபட்டிப் பக்கம் மாற்றல் வந்தது. விடைபெற வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “நல்லாத்தான் கூடியிருக்கு. ஓட்டலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேனியில் நாத்தனார் புது வீடு கட்டிப் பால் காய்ச்சியது அதன்பின் வந்த இரண்டாவது தை மாதம். மாடியில் பந்தி. நான் சாம்பார் வாளியோடு பரிமாறினேன். இடது கையால் முழு வாளியைத் தாங்க முடியாமல் ஒரு நிமிடம் கீழே வைத்தேன். வீட்டுக்காரரின் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து இலைக்காரருக்குச் சொன்னார். “பஸ் ஸ்டாண்டுல ஒரு பொம்பள இருந்துச்சு. கேக்க ஆளில்லாதது. அது இழுத்துட்டுப் போயித்தான் இந்தப் புள்ள கைய ஒடிச்சு விட்டுச்சு. பாவம், சொன்னதக் கேட்டு ஏமாந்து போச்சு.”

பாவம் என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது என்று நினைக்கிறேன்.

“அவுக என்னய இழுத்துட்டுப் போகல மச்சான்” என்றேன். குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. சரி, வரட்டும் என்று விட்டேன். “நானாத்தான் போனேன். சைக்கிள்ல போறதுக்குன்னே போனேன். மாசக்கணக்கா மலை ஏறிப் பழகிட்டுப் போனேன். எறக்கத்துல பிரேக்க விடாதன்னு அவுக சொல்லிக்கிட்டேதான் இருந்தாக. கடலப் பாத்ததும் நான்தான் விட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். கை ஒடிஞ்சதும் அவுக மேல பழியப் போட்டேன். அவுக வாங்கிக்கிட்டாக.”

என் வீட்டுக்காரர் எதிர் வரிசையில் இருந்தார். பிசைந்த சோற்றின் மேல் கை அப்படியே இருந்தது.

“அப்ப விட்டதுக்கு வருத்தப்படுறியா இல்லையா?” என்று மச்சான் கேட்டார், பெரிய மனிதர் தோரணையில்.

“பொய் சொன்னதுக்கு வருத்தப்படுறேன். பிரேக்க விட்டதுக்கு இல்ல. எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அதுக்கு முன்னாடி வந்ததில்ல.”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். படியோரத்தில் ரசப் பாத்திரத்தோடு நின்ற நாத்தனார்தான் பேசினாள். மெதுவாக, யாருக்கும் கேட்காது என்று நினைத்து. “கடலு அம்புட்டு நல்லாவா மதினி இருந்துச்சு?”

அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இலைகளில் சாம்பார் காத்திருந்தது. பந்தியில் இருந்த பெண்கள் யாரும் சாம்பார் கேட்கவில்லை.

திரும்பும் பேருந்தில் சின்னமனூர் தாண்டியதும் வீட்டுக்காரர், “அந்தம்மாவ நான் அன்னிக்கு ரொம்பப் பேசிப்புட்டேன்ல?” என்றார். ஆமாம் என்றேன். அவரைத் தேற்ற எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் அக்காவுக்குப் போன் செய்தேன். ஒன்றரை வருடம் கழித்துப் பேசுகிறேன். பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டது. “சொல்லிட்டேன்க்கா” என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை.

“எத்தன பேரு இருந்தாக?”

“பந்தியில ஒரு முப்பது பேரு இருப்பாகக்கா.”

மைக்கில் ஒரு வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தார்.

“கொறச்சல்தான்” என்றார்.